முகவரிப்படி தலைவர்

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அந்தத் தையல்காரம்மா கருவிழிக் காத்திருப்பு வாரியத்தின் தலைவரானார். பதவி ஏற்கும்போது அவர் மடியில் பாதி தைத்த தலையணை உறை கிடந்தது. வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்தன.

அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷம் ஒருவர் மேலும் உரசாமல் வண்டி ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கருவிழிகள் இரண்டும் நீராவி படிந்த கண்ணாடிபோல மங்கிப்போயின. யாராவது தானமாகக் கொடுத்த கருவிழி கிடைத்தால் பொருத்திவிடலாம் என்றார் மருத்துவர். அதற்கு ஒரு வரிசை இருந்தது. வரிசை இருந்ததால் ஒரு வாரியமும் இருந்தது. பதினாறு மாதக் காத்திருப்புக்குப் பிறகு ஓட்டுநர் முப்பத்தெட்டாவது இடத்துக்கு வந்திருந்தார்.

வாரியத்தில் ஒரு விதி. காத்திருப்பவர்கள், தாங்கள் இன்னும் காத்திருப்பதை ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வாரியத்தின் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும். தவறினால், கண் தெரிவதில் அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று கொள்ளப்படும். பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். கடைசி இடம் அப்போது நாலாயிரத்துச் சொச்சமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே, முன்கூட்டியே முடித்துவிடலாம் என்றுதான் தையல்காரம்மா பழைய மடிக்கணினியைத் திறந்தார். திறந்தவர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“என்னங்க, இதுல என்னை மாண்புமிகுன்னு போட்டிருக்கு.”

“யாரை?” என்றார் கட்டிலில் இருந்த ஓட்டுநர்.

“என்னைத்தான். ‘வணக்கம், மாண்புமிகு தலைவர் அவர்களே. தங்கள் ஒப்புதலுக்காக 214 கோப்புகள் காத்திருக்கின்றன’ன்னு இருக்கு.”

“இந்த வீட்டுக்கு இத்தனை வருஷமா நீதானே தலைவர். அவங்களுக்கு இப்பத்தான் தகவல் போயிருக்கு.”

“விளையாடாதீங்க. படிவத்தைக் காணோம்.”

உண்மையிலேயே காணோம். தலைவருக்கான பக்கத்தில் ஒப்புதல் இருந்தது, நிராகரிப்பு இருந்தது, பாராட்டுவிழா நாட்காட்டி இருந்தது. காத்திருப்பை உறுதிசெய்யும் படிவம் மட்டும் இல்லை. தலைவர் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

தையல்காரம்மா சளைக்கவில்லை. கைப்பேசியில் திறந்து பார்த்தார். “தாங்கள் ஐயத்துக்குரியவர். வருகைக்கு நன்றி” என்று வந்தது. தெருமுனையில் இருந்த இணைய மையத்துக்குப் போனார். “தாங்கள் ஒரு கும்பல். தனித்தனியாக வரவும்” என்று வந்தது. பக்கத்து ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு அவள் வீட்டில் திறக்கச் சொன்னார்.

“அக்கா, ‘தாங்கள் வேறு மண்டலம். அங்கேயே காத்திருக்கவும்’னு வருதுக்கா. நான் எதுக்குக் காத்திருக்கணும்?”

“நீ ஒண்ணுக்கும் காத்திருக்க வேணாம். மூடி வெச்சுட்டு வேலையைப் பாரு.”

செவ்வாய்க்கிழமை அவர் வாரிய அலுவலகத்துக்கே போனார். இணையதளப் பக்கத்தின் அடியில் ‘தங்கள் முகவரி’ என்று புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள் இருந்தன. அவற்றை ஓர் அளவுச் சீட்டின் பின்பக்கம், ஒரு தலையணையின் நீள அகலத்துக்குக் கீழே குறித்து எடுத்துப்போயிருந்தார். இரண்டரை மணி நேரம் கழித்து விசாரணைச் சன்னல் குமாஸ்தா அவரைக் கூப்பிட்டார்.

“என்ன விஷயம்மா?”

“காத்திருக்கிறதை உறுதி பண்ணணும் சார். எங்க வீட்டுல திறந்தா நான் தலைவர்னு வருது.”

குமாஸ்தா சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி, தலையணை அளவை முதலில் தட்டிப் பார்த்தார். அது யாரும் இல்லை. பிறகு கீழே இருந்த எண்ணைத் தட்டினார். 203.0.113.47. அவர் மெதுவாக எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“மேடம், நீங்க ஏன் சன்னலுக்கு வந்தீங்க?” என்று கேட்டார். குரலே மாறியிருந்தது.

தகவல் போய்க் கண்காணிப்பாளர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை போட்டிருந்தார். அதில் அவர் படமோ பெயரோ இல்லை, நாலு எண்கள் மட்டும் இருந்தன. அவர் தையல்காரம்மாவைத் தன் அறைக்கு அழைத்துப்போய், சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நான் தலையணை உறை தைக்கிறவ சார்.”

“அது உங்க தன்னடக்கம், மேடம்.”

“நிஜமாவே தைக்கிறேன். வேணும்னா விரலைப் பாருங்க.”

கண்காணிப்பாளர் பார்க்கவில்லை. “மனுஷங்க பொய் சொல்லுவாங்க. பேரு பொய்யா இருக்கும், முகம் பொய்யா இருக்கும், விரல்கூடப் பொய்யா இருக்கலாம். எண் பொய் சொல்லாது. ஒருத்தர் எங்கிருந்து வர்றார்னு தெரிஞ்சுட்டா அவர் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஆளைப் பார்க்கிறது நேர விரயம். நான் ஆறு வருஷமா ஒரு ஆளையும் பார்த்ததில்லை மேடம். அதனாலதான் ஒருத்தருக்கும் பாரபட்சம் காட்டினதில்லை.”

“அப்ப ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டுப் போறேனே. எங்க வீட்டுக்காரர் இன்னும் காத்திருக்கார்னு.”

கண்காணிப்பாளர் பதறிப்போனார். “வாரியத் தலைவர் தன் வீட்டுக்காரருக்காகக் கடிதம் குடுக்கிறதா? அது அதிகார துஷ்பிரயோகம் மேடம்! நானே உங்க மேல புகார் எழுத வேண்டிவரும். புகாருக்கு ஒப்புதல் குடுக்க வேண்டியதும் நீங்கதான். நாளைக்கு ஆய்வுக் கூட்டம் இருக்கு, அதுல வந்து பேசுங்க.”

புதன்கிழமை தையல்காரம்மா ஆய்வுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். நீளமான மேசையின் தலைப்பக்கத்தில் அவரை உட்கார வைத்து, முன்னால் தண்ணீரும் ஒரு பூங்கொத்தும் வைத்தார்கள். பதினோரு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர், மாதந்தோறும் ஆயிரம் பேர் உறுதிசெய்யத் தவறுவதால் வரிசையின் முன்பகுதி மிக வேகமாக நகர்கிறது என்றும், இது நிர்வாகத்தின் பெரும் சாதனை என்றும் படங்கள் போட்டு விளக்கினார்.

“எனக்கு ஒண்ணும் புரியலைங்க” என்றார் தையல்காரம்மா.

மூலையில் இருந்த குறிப்பெழுத்தர் எழுதினார்: தலைவர் ஆழ்ந்த கவலை தெரிவித்தார்.

“கண்ணு தெரியாதவங்க மாசாமாசம் வந்து ஏன் இன்னும் காத்திருக்கோம்னு சொல்லணும்? தெரிய ஆரம்பிச்சா அவங்களே வந்து சொல்ல மாட்டாங்களா?”

குறிப்பெழுத்தர் எழுதினார்: தலைவர் தொலைநோக்குடன் ஒரு வினா எழுப்பினார். அது குறித்து ஆராயக் குழு அமைக்கலாமா என்று ஆராயக் குழு அமைக்கப்பட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். தையல்காரம்மாவுக்கு அழுகை வந்தது. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை, குமாஸ்தா யாரும் பார்க்காத நேரத்தில் சன்னல் வழியே தலையை நீட்டி, “கீழ்த்தளத்துக்குப் போங்க. சேவையகத்தைப் பார்த்துக்கிறவர் இருப்பாரு. அவர் பரவாயில்லை” என்றார். அந்த அலுவலகத்தில் முதல்முதலாக ஒருவர் விதியில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். தையல்காரம்மா மனசுக்குள் அவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு படியிறங்கினார்.

கீழே, முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையில், குளிர்சாதனத்தின் நடுவே கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆளுயரப் பெட்டி ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் முதலில் தன் நாற்காலியைக் கொடுத்தார். பிறகு குடுவையிலிருந்து சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுத் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார்.

“அக்கா, இந்தப் பெட்டிக்கு ஆளைத் தெரியாது. எந்த எண்ணிலிருந்து வர்றாங்கன்னு மட்டும்தான் தெரியும். எண்ணைப் பார்த்ததும் நெத்தியில ஒரு பேரை ஒட்டும். இதோ, முதல் வரியைப் பாருங்க. யாருன்னே தெரியலேன்னா ‘ஐயம்’. இந்த மையங்கள் எல்லாம் ‘கும்பல்’. நம்ம அலுவலகம் ‘ஊழியர்’. உங்க பக்கத்துல இருக்கிற இருநூத்தம்பது எண்ணுக்கும் ‘பொது’. அந்த இருநூத்தம்பதுக்குள்ளயே ஒரே ஒரு எண்ணுக்குத் தனியா ஒரு வரி, ‘தலைவர்’. பெரிய வட்டமும் அதுக்குள்ள ஒரு புள்ளியும் மோதினா, பெட்டி புள்ளி சொல்றதைத்தான் கேட்கும்.”

“அந்தப் புள்ளி எங்க வீடா?”

“தலைவர் வீட்டு எண் அது. போன வாரக் கடைசியில இணைப்புக் கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் அணைச்சுப் போட்டாங்க. போட்டதும் எண்ணெல்லாம் வீடு மாறிப்போச்சு. அவரோடது உங்களுக்கு வந்துடுச்சு, வேற ஏதோ ஒண்ணு அவருக்குப் போயிடுச்சு. எண்ணுங்கிறது வாடகைக்கு இருக்கிற மாதிரிதான். சொந்த வீடுன்னு நினைச்சுப் பட்டியல்ல எழுதி வெச்சது எங்க தப்பு.”

“என் போனுக்கே கடவுச்சொல் இருக்கு. இதுக்கு ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதா தம்பி?”

“இருந்துச்சுக்கா. தலைவர் மூணு தடவை மறந்தார். நாலாவது தடவை கடவுச்சொல்லையே ஒழிச்சு உத்தரவு போட்டார். சீர்திருத்தம்னு விழா எல்லாம் நடந்துச்சு.”

“இதை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு வரி. அரை நிமிஷம். ஆனா தலைவர் பக்கத்துல ஒப்புதல் அழுத்தணும். அது இப்ப உங்க வீட்டுலதான் திறக்கும். அவர் அலுவலகத்துல திறந்தா வெறும் ‘ஊழியர்’. இங்க வந்து வேலை செய்வார்னு அப்ப யாரும் எதிர்பார்க்கலை.”

“அதுக்கென்ன, நானே அழுத்திடறேன்.”

“அழுத்தினாலும் பெட்டி திங்கட்கிழமை காலையிலதான் புதுப் பட்டியலைப் படிக்கும். வாரம் ஒரு தடவைதான் படிக்கணும்னு விதி. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க வீட்டுல படிவம் வராதுக்கா.” அவர் கொஞ்ச நேரம் கம்பளிச் சட்டையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “ஆனா தலைவர் வீட்டுல வரும். அவர் இப்ப ‘பொது’. மூணு நாளா மேல கூடத்துல வரிசைச் சீட்டு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கார். சாம்பல் நிறக் கோட்டு.”

அன்று சாயங்காலம் ஒப்புதல் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடும்போது, தையல்காரம்மாவின் கண்ணில் இன்னொரு பொத்தான் பட்டது. ‘முன்னுரிமை’ என்று இருந்தது. அதைத் தொட்டால் காத்திருப்போர் பட்டியல் முழுதும் விரிந்தது. எந்த எண்ணையும் விரலால் இழுத்து முதலிடத்தில் போடலாம். இழுத்ததற்கான தடங்கள் அதில் நிறைய இருந்தன.

அவர் கணவரிடம் மறைக்கவில்லை. சொன்னார். ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்தார்.

“முதலிடத்துக்கா?”

“ஆமாங்க. இழுத்து விட்டாப் போதும்.”

ஓட்டுநர் சன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கிற திசையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “இப்ப முதல்ல யாரு இருக்காங்க?” என்று கேட்டார்.

“பேரு இல்லைங்க. வயசு மட்டும்தான் போட்டிருக்கு. ஆறு.”

“ஆறா?”

“ஆறு.”

“மூடி வை” என்றார் ஓட்டுநர்.

தையல்காரம்மா மூடி வைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார். அவர் தினமும் கும்பிடுகிறவர். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சுருக்கமாகக் கும்பிட்டார். மேலே இருப்பவனுக்கு எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் அழைப்பவர் யாரென்று தெரியும். அந்த விஷயத்தில் வாரியம் இன்னும் அவ்வளவு முன்னேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் சாம்பல் நிறக் கோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கோட்டுக்காரர் பெஞ்சின் ஓரத்தில், ஒரு காலின் மேல் இன்னொரு காலை இறுகப் போட்டுக்கொண்டு, வியர்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே சுவரில் இருந்த தொலைக்காட்சியில் அவரே பேசிக்கொண்டிருந்தார். “வரிசை என்பது தண்டனை அல்ல. அது மக்களுக்கு நாம் தரும் மரியாதை. வரிசையில்தான் மனிதன் தன்னை அறிகிறான்.” பேச்சு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

“ஒரு நாளைக்கு எழுபது தடவை போடறாங்க” என்றார் கோட்டுக்காரர், பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவிடம். “அந்தக் கண்காணிப்பாளர் நான் வளர்த்துவிட்ட ஆள். ‘உங்களைத் தெரியுது சார். ஆனா நீங்க உண்டாக்கின முறையை நானே மதிக்கலேன்னா வேற யார் மதிப்பா’ன்னு சொல்லிச் சீட்டைக் குடுக்கறான். குடுக்கும்போது கண்ணுல தண்ணி வேற.”

“ஏன் சார் இப்படி வியர்க்குது? உடம்புக்கு முடியலையா?”

கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். “கழிவறைக்குப் போகணும். மூணு மணி நேரமாச்சு. கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா சீட்டு ரத்து.”

“இந்த விதியை யாரு போட்டது?”

அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

“சீட்டைக் குடுத்துட்டுப் போயிட்டு வாங்க சார். கூப்பிட்டா நான் இருக்கேன்.”

கோட்டுக்காரர் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு சாதாரண மனிதரின் முகமாக இருந்தது. தையல்காரம்மா அவரிடம் தண்ணீர் புட்டியை நீட்டிவிட்டு, தான் யார், தன் வீட்டில் என்ன திறக்கிறது, அவர் வீட்டில் என்ன திறக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அப்ப என் பதவி உங்க வீட்டுல இருக்கு.”

“ஆமாங்க சார். எங்க வீட்டுக்காரரோட வரிசை உங்க வீட்டுல இருக்கு. நான் வந்து உங்க வீட்டுல நிரப்பிக்கலாமா?”

“என் வீட்டுக் கணினியை வெளியார் யாரும் தொடக்கூடாதுன்னு விதி இருக்கும்மா. என் மனைவியே தொட மாட்டா.” அவர் யோசித்தார். பல வருஷம் பேரம் பேசிய பழக்கம் விடவில்லை. “நீங்க முதல்ல ஒப்புதல் குடுங்க. அது பதிவானதும் கீழ்த்தளத்துல இருக்கிறவர் எனக்குச் சொல்லுவார், நான் போன் பண்றேன். நீங்க பதில் சொல்லச் சொல்ல நான் படிவத்தை நிரப்பறேன்.”

“சரிங்க சார்.”

அவ்வளவு சுலபமாக ‘சரி’ வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “நான் போன் பண்ணலேன்னா?” என்று அவரே கேட்டார்.

“அதை நீங்கதான் பார்த்துக்கணும் சார்” என்றார் தையல்காரம்மா. கிளம்பும்போது தன் போன் எண்ணை எழுதிக் கொடுத்து, புட்டியையும் அவரிடமே விட்டுவிட்டார்.

பிற்பகல் மூன்று இருபதுக்கு அவர் தன் ஆட்சிக்காலத்தின் ஒரே ஒப்புதலை அழுத்தினார். “ஏற்கப்பட்டது. பழைய வரி நீக்கப்பட்டு, புதிய வரி திங்கட்கிழமை நடைமுறைக்கு வரும்” என்று திரை சொன்னது. மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. தையல்காரம்மா தலையணை உறைகளை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார்.

“அவர் பெரிய மனுஷன்” என்றார் ஓட்டுநர். “வேண்டியது கிடைச்சுடுச்சு. எதுக்கும்மா பண்ணப்போறார்?”

“பண்ணுவார்.”

“எப்படிச் சொல்றே?”

“மூணு மணி நேரம் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தவருங்க. அதுக்குள்ள மறந்திருக்காது.”

நாலேகாலுக்குத் தையல் கோணலாகப் போயிற்று. பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். நாலு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

“மன்னிக்கணும்மா” என்றது மூச்சு வாங்கும் குரல். “உங்க ஒப்புதல் பதிவானதுமே உட்கார்ந்துட்டேன். படிவம் திறக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. எப்பவுமே இப்படித்தானா?”

“இன்னைக்குச் சீக்கிரம் சார்.”

நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. தலைவர் ஒவ்வொன்றாக வாசித்தார், அம்மா சொன்னார், தலைவர் ஒற்றை விரலால் தட்டினார். கடந்த மாதம் காத்திருந்தாரா? காத்திருந்தார். தொடர்ச்சியாகவா, இடைவெளி விட்டா? தொடர்ச்சியாக. காத்திருப்பின்போது நடத்தை எப்படி? நல்லது. பத்தொன்பதாவது கேள்வியில் குரல் நின்றது.

“‘இந்தக் கேள்வியை விண்ணப்பதாரரால் படிக்க முடிகிறதா? ஆம் எனில், பார்வை உள்ளவராகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். இல்லை எனில், வேறொருவர் நிரப்பியதாகக் கருதி நிராகரிக்கப்படும்.’ இதுக்கு என்னம்மா பதில்?”

“ரெண்டையும் தொடாம அடுத்ததுக்குப் போயிடணும் சார். அது ஏத்துக்கும்.”

“இது எங்கே போட்டிருக்கு?”

“எங்கேயும் போடலை. வரிசையில நிக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம். எனக்கு ஒரு பாட்டுவாத்தியாரம்மா சொன்னாங்க. நான் ஒரு அம்பது பேருக்குச் சொல்லியிருப்பேன்.”

“இந்தக் கேள்வியைச் சேர்த்தது நான்தான்” என்றார் தலைவர். “திங்கட்கிழமை முதல் வேலையா இதை எடுத்துடறேன்.”

“திங்கட்கிழமை உங்களுக்கு இந்தப் பக்கமே தெரியாது சார். இப்பவே ஒரு காகிதத்துல எழுதிச் சட்டைப்பைல வெச்சுக்குங்க.”

பேனா தேடும் ஓசை கேட்டது. இழுப்பறை திறந்து மூடியது. “எழுதிட்டேன்” என்றார். “சொல்லுங்க, இருபதாவது.”

ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அவர் கடைசிப் பொத்தானை அழுத்தினார். பிறகு தலைவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: “தங்கள் காத்திருப்பு ஏற்கப்பட்டது. இடம் முப்பத்தெட்டு. தொடர்ந்து காத்திருக்கவும்.”

அவர் குரலில் இருந்தது பெருமையா, வெட்கமா என்று தையல்காரம்மாவுக்குப் பிடிபடவில்லை. “கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

“கடைசியில தலைவரே நிரப்பிட்டாரா?” என்றார் ஓட்டுநர் கட்டிலிலிருந்து.

“இல்லைங்க, அவர் திங்கட்கிழமைதான் தலைவர்” என்றார் தையல்காரம்மா. “இன்னைக்கு நிரப்பினது பொதுமக்கள்ல ஒருத்தர்.”